மூன்று உப்புப் பக்கற்று

அரிப்பு என்ற ஊரில் ரமீஸாவின் வீட்டில் நான் போய் இறங்கியபோது, பிறந்து ஒன்பது நாளான நாகு கன்று மண்ணில் சரிந்து கிடந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. வெறும் வயிற்றோட்டத்தில் களைத்த கன்று கண் செருகிப் படுத்திருக்கும். இப்படி வலித்து இழுக்காது. கால்நடைப் போதனாசிரியராக எத்தனையோ கன்றுகளைப் பார்த்த எனக்கு இது வேறு ஏதோ என்று தெரிந்தது.

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். வயிற்றோட்டத்துக்கென்று முதல்நாள் எங்கள் கால்நடைக் கந்தோரில் வாங்கிய மூன்று உப்புத்தூள் பக்கற்றையும், ஒவ்வொன்றாக, ஒவ்வொரு தேநீர்க் கோப்பைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கியதாகச் சொன்னார். ஒரு பக்கற்றுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். உடம்பில் நீர் வற்றிய கன்றுக்கு அந்தக் கடும் உப்பு நஞ்சு. மிருக வைத்தியர் விரைந்து வந்து சேலைன் ஏற்றினார். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கன்று செத்தது.

வெறும் பக்கற்றைத் திருப்பிப் பார்த்தேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விளக்கம் இருந்தது. தமிழில் ஓர் எழுத்து இல்லை.

மறுநாள் மேலதிகாரி என்னிடம் அறிக்கை கேட்டார். "உரிமையாளரின்ர கவனக்குறைவு எண்டு எழுதும். படிக்காத சனத்துக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

முறையிட வந்திருந்த ரமீஸா வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"சேர், எங்கட ஊரில கந்தோருக்குக் கடிதம் எழுதத் தெரியாத ஆக்களுக்கு நான்தான் எழுதிக் குடுக்கிறனான். நீங்கள் தந்த பக்கற்றில நான் வாசிக்க என்ன இருந்தது?"

மேலதிகாரி மேசையில் கிடந்த கோப்பு ஒன்றைப் புரட்டினார். அந்தப் பக்கற்றுகளை ரமீஸாவின் கையில் வைத்தவன் நான். வரிசை நீளமாக இருந்ததென்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பினவனும் நான்.

அறிக்கையில் இரண்டையும் எழுதினேன்: விளக்கம் தமிழில் இல்லை, நானும் சொல்லவில்லை. மேலதிகாரி அதைத் திருப்பி அனுப்பினார். அதே வசனங்களை மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். பிறகு பக்கற்று வாங்கிய வீடுகளுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் போனேன். ஒரு வீட்டில் வயிற்றோட்டத்தில் கிடந்த கன்றுக்கு அடுத்த கோப்பை கரைக்க ஆயத்தமாக இருந்தார்கள். இரண்டு லீற்றர் அளந்து காட்டி, தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னேன். மூன்றாம் நாள் அந்தக் கன்று எழும்பித் தாயை முட்டிக் குடித்தது.

இப்போது மருந்து கொடுக்கும் இளையவர்களே, எவ்வளவு தண்ணீர், எத்தனை தரம் என்று வாங்குபவர் உங்களுக்குத் திருப்பிச் சொல்லும்வரை பக்கற்றைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

என் அறிக்கைக்கு என்ன நடந்ததென்று தெரியாது. ஓய்வு பெறுமுன் பதிவேட்டைப் பார்த்தேன். ரமீஸாவின் கன்று வயிற்றோட்டத்தால் செத்தது என்றே இருந்தது.