பன்னிரண்டு மணி ரோட்டில் சிவப்புச் சாயம்

கருப்பம்மாளுக்கு லாரிகள் மேல் பகை எதுவும் கிடையாது. சுங்கை சிப்புட் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அவளையும் சட்டிபானைகளையும் ஏற்றிவந்து குனோங் ராபாட்டில் இறக்கியதே ஒரு லாரிதான். வரிசை வீட்டில் குடியேறி, பாலர் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பகல் பன்னிரண்டுக்குப் பள்ளி விட்டதும் இருபத்திரண்டு பிள்ளைகளையும் ரோட்டைத் தாண்டி விட வேண்டும். அதுவும் அவள் வேலை.

கல்லுமலையிலிருந்து சுண்ணாம்புக் கல் ஏற்றிவரும் லாரிகளுக்கு அந்த ரோடு குறுக்கு வழி. பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை லாரி நுழையக் கூடாது என்று முனையில் பலகை இருந்தது. லாரிகள் போகிற வேகத்தில் பலகையே ஆடும். 1981 மார்ச்சில் ஒரு லாரி, நவமணி என்ற பிள்ளையின் தோள்பையைப் பிடுங்கிக்கொண்டு போனது. பை மட்டும்தான். அன்று கருப்பம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

போக்குவரத்துக் கான்ஸ்டபிள் பழனியப்பன் செவ்வாயும் வெள்ளியும் மோட்டார் சைக்கிளில் ரோந்து வருவார். அந்த இரண்டு நாளும் லாரிக்காரர்கள் தங்கமான பிள்ளைகள். கருப்பம்மாள் அவரை நிறுத்தி முறையிட்டாள்.

"நம்பர் சொல்லுங்கக்கா, சம்மன் அனுப்பறேன்."

"நம்பர் எங்க தெரியுது தம்பி? எல்லா லாரியும் சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருக்குலா."

"அடையாளம் இல்லாம நான் யாரைப் பிடிக்கிறது?"

அடையாளம் வைப்பது அவளுக்குத் தெரிந்த வேலை. தோட்டத்தில் கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டுவதற்கு முன்னால் அவள்தான் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டே போவாள். நடையை நிறுத்தாமல் மரத்துக்கு ஒரு தீற்று. ஒரு நாளைக்கு அறுநூறு மரம்.

புதன்கிழமை மூங்கில் கழியின் நுனியில் சாக்குத் துணியைச் சுற்றிச் சாயத்தில் முக்கினாள். பிள்ளைகளைக் கேட்டுக்குள் நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றாள். கழியை நீட்டிப் பிடித்தால் போதும், லாரி தானே பூசிக்கொண்டு போகும். இரண்டு நாளில் ஐந்து லாரி.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பழனியப்பன் வந்தார். பின்னாலேயே ஒரு லாரி. அதன் வயிற்றில் நீளமாகச் சிவப்புக் கோடு. டிரைவர் ராஜு குதித்து இறங்கினான்.

"இந்தம்மாதான். அஞ்சு லாரில பூசிட்டாங்க. லாரி முதலாளி தவுக்கே என்னைத் திட்டு திட்டுன்னு திட்டறாரு. கேஸ் எழுதுங்க சார்."

"அடுத்தவன் சொத்துக்குச் சேதம். புகார் வந்துட்டா நான் எழுதித்தான் ஆகணும்கா. போலீஸ் பாலாய்க்கு வரவேண்டியிருக்கும்" என்றார் பழனியப்பன்.

"பூசினது நான்தான். வாரேன். ஆனா பன்னண்டு மணிக்குப் பிள்ளைங்கள யாரு தாண்டி விடறது?"

"உங்களை இன்னும் கேக்கல்ல. சும்மா இருங்கக்கா."

அவர் குறிப்பேட்டைத் திறந்தார். லாரியின் நம்பர் பலகையைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு நிதானமாக எழுதிக்கொண்டார்.

"எங்க வச்சு பூசினாங்க?"

"இங்கதான் சார். இந்தக் கேட்டுக்கு முன்னால."

"எப்போ?"

"நேத்து. பன்னண்டேகால்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"சாப்பாட்டுக்குப் போற நேரம். மறக்குமா?"

பழனியப்பன் எழுதுவதை நிறுத்திவிட்டு, முனையிலிருந்த பலகையைப் பார்த்தார். ராஜுவும் திரும்பிப் பார்த்தான். பார்த்த பிறகு அவனுக்கு ஞாபகம் கொஞ்சம் குறைந்தது.

"பன்னண்டுக்கு முன்னால இருக்கும் சார்."

"எழுதியாச்சே. கையெழுத்துப் போடு. அந்தக்கா மேல ஒரு கேஸ், உன் மேல ஒண்ணு. உன் கேஸ்ல அவங்கதான் சாட்சி."

"பொறுங்க சார்" என்று ராஜு தலையைச் சொறிந்தான். "சாயம்தானே. மண்ணெண்ண போட்டுத் துடைச்சா போயிரும்."

"அப்ப புகார் இல்லயா?"

"இல்ல சார்."

"மத்த நாலு பேர்கிட்டயும் சொல்லு. புகார் குடுக்கணும்னா எத்தனை மணிக்குப் பூசினாங்கன்னு நேரத்தையும் சேத்துக் குடுக்கச் சொல்லு. அக்கா, நீங்களும் கழிய உள்ள வைங்க. இனிமே கிழமை பாத்து வரமாட்டேன், எந்த நாள் வேணா வருவேன்."

"வராத அன்னைக்கு வெளிய எடுப்பேன்" என்றாள் கருப்பம்மாள்.

அது காதில் விழாதவர் போல அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆக இரண்டு நிமிடம். முன்னால் போனால் ரோட்டைக் கடப்பதற்குள் மணி தாண்டிவிடும்; பின்னால் முனை பக்கம்தான். "வந்த வழியே ரிவர்ஸ்ல போ" என்றார்.

முனை வரைக்கும் லாரி பின்னாலேயே நகர்ந்தது. பழனியப்பன் கை காட்டிக்கொண்டு கூடவே நடந்தார். கேட்டில் இருபத்திரண்டு பிள்ளைகளும் அதை வேடிக்கை பார்த்தார்கள். லாரி முனையைத் தாண்டி மறைந்த பிறகு கருப்பம்மாள் முதலில் ரோட்டில் இறங்கினாள்.