பென்சில் புள்ளி

1984 பிப்ரவரி 6: படிகம் தொட்டியில் வளரத் தொடங்கியது.
மே 14: வெட்டிய கோணம் 41 பாகை. மெருகிட்டு அனுப்பப்பட்டது.
மே 28: புகார் வந்தது.

லிதுவேனியாவின் வில்னியஸ் ஆய்வகத்தில் நான் பதிவேடு எழுதினேன். கெனோவைட்டே என்ற பெண்மணி படிகங்களை வெட்டி மெருகிட்டார். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி உக்கிரமாக அவற்றில் பாய்ந்தால், மறுபக்கம் பச்சையாக வெளிவரும். இந்தப் படிகத்தை வாங்கிய கௌனஸ் நகர ஆய்வகத்தில் பச்சை வரவில்லையாம். கோணம் தவறென்று உறுதியானால் அவருடைய மெருகு மேசை வேறொருவருக்குப் போய்விடும்.

கௌனஸுக்குத் தொலைபேசியில் அவரே பேசினார்.

"ரிம்விடாஸ் தம்பி, ஓரத்துல பென்சில் புள்ளி வெச்சிருந்தேனே?"

"அழுக்குன்னு நெனச்சு ஆல்கஹால் போட்டுத் துடைச்சிட்டேன்க்கா."

"அட மகராசா! அதுதான் மேல்பக்கம்னு அர்த்தம். நீ படுக்கப் போட்டிருக்கே. கால்வட்டம் திருப்பி வெச்சுப் பாரு. பச்சை வந்தா கடுதாசியா எழுதிப் போடு. எங்க பதிவேட்டுக்காரர் வாய்ப்பேச்சை நம்பமாட்டார்."

அதன்பின் தினமும் காலையில் என் மேசைக்குக் கறுப்பு ரொட்டி கொண்டுவந்து, தபால்கட்டைப் பார்க்காதவர்போல் நின்றார். நானும் கவனிக்காதவன்போல் ரொட்டியைத் தின்றேன்.

பச்சை வந்துவிட்டது என்ற கடிதம் ஜூன் 7ஆம் தேதி வந்தது.