அறுத்த பாவும் குமரக்கோட்டத்து விபூதியும்

முருகனை நம்பிக் கிருத்திகைக்குக் கூடியிருக்கிற உங்கள் முன்னால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் மனைவி வசந்தாவின் உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. அதை உண்டாக்கிய பாவி நான்தான்.

எழுபத்தொன்றில் சாராயக் கடைகளைத் திறந்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பிள்ளையார்பாளையத்தில் தறி. நினைத்ததை நினைத்த நிமிஷமே செய்தாக வேண்டும், அப்படி ஒரு அவசரக்குடுக்கை. சும்மா ருசி பார்க்கப் போனேன். ஒரு வருஷத்துக்குள் பொழுது சாய்ந்தால் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பியது. மூன்று முறை கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். அதையும் அவசரமாகத்தான் செய்தேன். ஒன்றுகூட ஒரு வாரம் தாங்கவில்லை.

அடுத்த வருஷம் ஆனி மாதம், ஒரு சாயங்காலம். தெருமுனையில் கூட்டாளி மணி சீட்டியடித்தான். தறியை விட்டு எழுந்தேன். ஐந்து மாதக் கர்ப்பிணியான வசந்தா வழி மறித்தாள்.

"ஏங்க, முந்தானை இன்னும் நாலு விரக்கடைதான் பாக்கி இருக்குது. முடிச்சுட்டுப் போங்களேன்."

"இந்தப் பாவு இருக்கங்காட்டிதானே என்னைக் கட்டிப் போடறே? இருக்கவே வேணாம்!"

பிளேடை எடுத்தேன். தறியில் நீள இழைகளாக நீட்டிக் கட்டியிருந்த பட்டுப் பாவின் மேல் ஒரே இழுப்பு. அவள் கையை வைத்துத் தடுத்தாள். பாதிப் பாவு அறுந்தது, அவள் கையும் கிழிந்தது. அன்று நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

மறுநாள் அவள் அண்ணன் வந்து தாய்வீட்டுக்கு, முசரவாக்கத்துக்கு அழைத்துப் போனார். அவள் கிளம்பும்போது நான் மறுபடி கற்பூரத்தைத் தேடினேன்.

"சத்தியம் கித்தியம் ஒண்ணும் வேணாம். அறுத்ததை நீங்களே உக்காந்து பிணைச்சு முடிங்க. அப்புறமா வந்து கூப்பிடுங்க," என்றாள் வசந்தா.

அறுந்த பாவைப் பிணைப்பது என்றால், ஒவ்வோர் இழையாக இரண்டு முனைகளையும் சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். நழுவாமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வோம். அப்படி ஆயிரக்கணக்கில் இழைகள். என் கையோ குடிக்காமல் நடுங்கியது. பத்தில் ஏழு நழுவியது. தறிக்கட்டையில் முட்டிக்கொண்டு அழுதேன். எழுந்து குமரக்கோட்டத்துக்கு நடந்தேன்.

சந்நிதியில் 'இனிமேல் குடிக்க மாட்டேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. நானே நம்பாததை முருகன் எப்படி நம்புவான்? "அப்பனே, ஓர் இழை முறுக்குகிற நேரம் மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்" என்று கேட்டேன். கொடுத்த விபூதியை மடித்து வந்து, சாம்பலுக்குப் பதில் அதையே தொட்டுக்கொண்டேன். ஒவ்வோர் இழைக்கும் அதே வேண்டுதல்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அதே சீட்டி. உடம்பு முழுக்க எழப் பார்த்தது. விரலில் ஓர் இழை பாதி முறுக்கில் நின்றது. "முருகா, இது முடியட்டும்." முடிந்தது. அடுத்ததை எடுத்தேன். மணி வாசலுக்கே வந்துவிட்டான்.

"இன்னாடா, வர்றியா இல்லியா?"

"வேலையா இருக்கறேன்பா. நீ போ."

போய்விட்டான். அப்பாடா! கை நடுங்கவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். தறியடியிலேயே விழுந்து கும்பிட்டேன்.

ஐந்தாம் நாள் முசரவாக்கம் போய்க் கூப்பிட்டேன். வசந்தா வந்தாள். பாவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பார்த்தாள்.

"ரெண்டு இழை விட்டுட்டீங்க," என்று சிரித்தாள். காயக் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களால் விபூதியைத் தொட்டு, அந்த இரண்டையும் அவளே முறுக்கினாள்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. சாராயக் கடைகளைச் சர்க்கார் மூடிவிட்டது. கடை மூடியதால் நான் திருந்தியதாக யாரும் சொல்ல வேண்டாம். திறந்திருந்தபோதே முருகன் என்னை உட்கார வைத்துவிட்டான். சீட்டி கேட்டால் உடம்பு இன்னும் திரும்பத்தான் செய்கிறது.

என்னைப் போல் அவசரப்படுகிற தம்பிகளே, ஆயுசு முழுவதற்கும் சேர்த்து அவனிடம் கேட்காதீர்கள். கையில் இருக்கிற ஓர் இழைக்குக் கேளுங்கள். அடுத்த இழைக்கும் அவன் அங்கேயேதான் இருப்பான்.