முரளி சாரும் சென்னைக்குப் போன என் பொய்யும்

முரளி சார் இறந்துவிட்டாராம். காலையில் போனில் வந்தது. நான் நம்பவில்லை.

வேங்கிக்காலில் நான் செக்யூரிட்டியாக இருக்கும் ஆபீசில் கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. நாலு வாட்ஸ்அப் குரூப்பிலும் அதே வரி, அதே விளக்குப் படம். "யார் நேர்ல பாத்தீங்க?" என்று கேட்டேன். கும்பிடும் கைகள்தான் பதிலாக வந்தன.

எனக்கு எதிலும் சந்தேகம். அவர் மேலேயே இருந்தது...

சர்வர் ரூமில் ஒரு பெட்டி எந்நேரமும் மினுக்கிக்கொண்டே இருக்கும். "யாருக்கு சார் என்னமோ போய்க்கினே இருக்குது?" என்றேன்.

"சிபிஐல இருந்தீங்களாண்ணே?" என்று சிரித்தார்.

அந்த ஒரு பெட்டிக்குள்ளே பல கம்ப்யூட்டர்களாம். தனி உடம்பு கிடையாது, வெர்ச்சுவல் மெஷினாம். ஒவ்வொன்றுக்கும் சென்னையில் ஒரு ஜோடி தூங்குகிறதாம். இங்கே மாறியதை மட்டும் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் அங்கே அனுப்புமாம். இது செத்தால் அது எழுந்துகொள்ளுமாம்.

"ஒண்ணும் ஆகலியே சார், இப்பவே எதுக்குக் காப்பி?"

"ஆனப்புறம் எதைண்ணே காப்பி எடுக்கறது?"

அப்போதும் நம்பவில்லை. நான் முதியோர் மாலை வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்ட புதிது. "நீங்களே எழுதிப் பாருங்க" என்று உட்கார வைத்தார். வேண்டுமென்றே என் பெயரைப் போட்டு ஒரு பொய்யை ஒற்றை விரலால் தட்டினேன்.

"ஏழுமலைக்கு இன்று லீவு."

டீ குடித்துவிட்டு வந்து, சென்னைக் காப்பியை டெஸ்ட்டுக்காக எழுப்பிக் காட்டினார். ஏழுமலைக்கு இன்று லீவு! பஸ் ஏறாமலே என் எழுத்து சென்னைக்குப் போய்விட்டது... அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"நான் இங்கதானே சார் நிக்கறேன். பொய்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாதுண்ணே. தப்பா எழுதினா தப்பாவே போவும். அதுக்குத்தான் பழைய காப்பியும் கொஞ்சம் வெச்சிருக்கோம். சரியா தப்பானு நாமதான் பாத்துக்கணும்."

அதனால்தான் இன்று காலையில் ஒரு தைரியம். யாரோ ஒருவர் தப்பாகப் போட்டிருப்பார், அதே தப்பு நாலு இடத்துக்கும் போயிருக்கும்... அவர் வீட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

தெருமுனையிலேயே பந்தல் தெரிந்தது. வேறு வீடாக இருக்கும் என்று நினைத்தேன். வாசலில் அவர் பைக்.

உள்ளே கண்ணாடிப் பெட்டி. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன்.

அவர்தான்.

அவர் மனைவி நிமிர்ந்து, "வாங்கண்ணே... லீவுன்னு எழுதினது நீங்கதானே? சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு" என்றார். தலையாட்டினேன்.

நாளை காலை வரை வீட்டில்தான் இருப்பார். இதை யாரும் பார்வர்டு செய்யாதீர்கள். போய்ப் பாருங்கள். நான் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போய் வாங்க சார்.

ஏழுமலைக்கு இன்று லீவு. நிஜமாகவே.