மடிப்பை வெட்டின நாள்

வெட்டின பிறகுதான் அது வெட்டக்கூடாத தாள் என்று எனக்குத் தெரிந்தது.

ரொறன்ரோவில் ஒரு நூலகத்தின் ஸ்கேனிங் அறையில் எனக்கு அது மூன்றாவது வாரம். இன்னும் புரொபேஷன், வேலை நிரந்தரமாகவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். டோர்செட் பார்க்கிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இன்றைக்கு என்ன பிழை விடுவேனோ என்றுதான் யோசித்துக்கொண்டு வருவேன்.

அன்று வந்தவை பழைய சீன வரலாற்று நூல்கள். நூலால் தைத்த மெல்லிய தொகுதிகள். ஒவ்வொரு தாளும் வெளி ஓரத்தில் பிரியாமல் இருந்தது. அச்சகத்தில் வெட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கத்தியால் ஒன்றைப் பிரித்தேன். உள்ளே வெறுமை. அடுத்த தாளை எட்டிப் பார்த்தேன். அதற்குள்ளும் வெறுமை. அப்போதுதான் விளங்கியது. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, எழுத்து வெளியே தெரிய மடித்துத் தைப்பது அவர்கள் முறை. நான் வெட்டினது அந்த மடிப்பை.

பக்கத்து ஸ்கேனரில் வேலை செய்த யோகன் அண்ணை திரும்பிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, ஆரையும் கொலை செய்துபோட்டீரோ?"

"வெட்டிப்போட்டன் அண்ணை. வேலை போகப்போகுது."

ஸ்கேன் செய்யுமுன் ஒவ்வொரு நூலுக்கும் அதன் நிலையைக் குறிக்கும் கண்டிஷன் ஷீட் ஒன்றை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். கிழிசல், கறை, பூச்சி அரித்த இடம் எல்லாம் அதில் வரும். அண்ணை அதைத் தட்டிக் காட்டினார்.

"வரேக்கையே கிழிஞ்சிருந்தது எண்டு எழுதும். உதை ஆர் பாக்கப்போகினம்?"

எழுதினேன். எழுதிவிட்டு இருக்க முடியவில்லை. இந்த நூலை இத்தனை காலம் ஈரத்துக்கும் பூச்சிக்கும் தப்பவைத்த யாரோ ஒருவரின் தலையில் என் பிழையைப் போடுகிறேனே. அந்த வரியைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, "பதினோராம் தாளை நான் கத்தியால் வெட்டினேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பொறுப்பாளர் லின்னிடம் கொண்டுபோனேன். சீன வரலாறு படித்தவர், என்னைவிட இளையவர்.

இரண்டு வரியையும் வாசித்தார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"சுத்தமான வெட்டு. மெல்லிய தாள் வைத்து ஒட்டிவிடலாம். பழைய கிழிசல் என்று விட்டிருந்தால், மடிப்பெல்லாம் நைந்துவிட்டது என்று நினைத்து முழு நூலையும் பிரித்திருப்போம்."

"என் வேலை?"

அவர் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னார். முற்காலச் சீனத்தில் ஓர் அமைச்சன் தன் அரசனைக் கொன்றான். அரசவை வரலாற்றாசிரியர் அதை அப்படியே எழுதினார். அவரைக் கொன்றான். தம்பி அதையே எழுதினார். அவரையும் கொன்றான். அடுத்த தம்பியையும். நாலாமவரும் அதே வரியை எழுத, அமைச்சன் விட்டுவிட்டான்.

"இங்கே உண்மையை எழுதுகிறவர்களை நாங்கள் வேலையில் வைத்துக்கொள்வோம்" என்றார் லின். "இன்னும் ஏழு தொகுதி இருக்கிறது. போய்ச் செய்யுங்கள்."

கழிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பயம் போன அழுகை. ஸ்கேனிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிழை விட்டால் முதலில் எழுதிப்போடுங்கள், பயப்படுவதைப் பிறகு பார்க்கலாம்.

திரும்பி வந்து யோகன் அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து, தான் முன்பு நிரப்பிய பழைய ஷீட் ஒன்றை எடுத்தார்.

"தங்கச்சி, தேத்தண்ணிக் கறைக்கு இங்கிலிசிலை என்னெண்டு எழுதுறது?"