நெடி வராத மிளகாய்

நான் அறிவாளி இல்லை என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். இன்று நானே அதை நிரூபித்தேன். சமையலறைச் சன்னலை இறுகச் சாத்திவிட்டு ஒரு கைப்பிடி காய்ந்த மிளகாயை வறுத்தேன். நெல்லித்தோப்பில் எங்கள் மாடி மொத்தமும் இருமியது. கீழ்வீட்டு நாய்கூடத் தும்மிவிட்டு என்னைப் பார்த்துக் குரைத்தது.

அந்த இருமலுக்கு நடுவே, யாருமே இருமாத ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது.

தம்பி அப்போது கைக்குழந்தை. அன்றைக்கு விடாமல் அழுதான். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து அவனைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்துக் கருகியது; நெடி மட்டும் வரவில்லை. நெடி வராவிட்டால் யாரோ கண் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லோரும் திரும்பி, பிள்ளையில்லாத சித்தியைப் பார்த்தோம். சித்தப்பா மட்டும் சுவரைப் பார்த்தார்.

“இனிமே எம்புள்ளயத் தூக்காத,” என்றாள் அம்மா.

தூளியை ஆட்டிக்கொண்டிருந்த சித்தி கையை எடுத்தாள். சீக்கிரமே சித்தியும் சித்தப்பாவும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

இத்தனை வருடம் கழித்து, கண்ணில் நீர் வழிய நிற்கும்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. அன்றைக்கு மதியம் அதே மிளகாயில் அம்மா வைத்த மீன்குழம்பை, “இது மொளகாயா, வெறும் சாயமா?” என்று அப்பா தள்ளிவைத்தாரே!

பெரிய துப்பறிவாளனைப் போலச் சித்திக்குப் போன் போட்டேன்.

“சித்தி, கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது காரமே இல்லாத மட்ட மொளகா!”

“அது உங்கம்மாவுக்கு அன்னைக்கே தெரியும்டா.”