வாழி இல்லாத விண்வெளிக் கதை

செங்கலடியில் ஒரு நெல் ஆலைக்குப் பின்னாலுள்ள அறையில் நாங்கள் நாலு பேர் ராக் இசைக்குழு நடத்தினோம். ஆலை ஓய்ந்திருக்கும் மத்தியானங்களில்தான் பதிவு. பாட்டுத் தொகுப்பு முழுவதற்கும் ஒரே கதை: வாவி வற்றிப்போன எதிர்காலத்தில், ஒருவன் கடைசி வாவித் தண்ணீரைப் போத்தலில் அடைத்துக்கொண்டு வேறு கோளுக்குப் பறக்கிறான். இறுதிப் பாட்டில் பிராணவாயு தீர்ந்து தனியே சாகிறான். பாட்டென்றா சொன்னேன்? வெறும் கிற்றார் இரைச்சலும் எங்கள் பாடகனின் மூச்சும்தான். தரையில் மல்லாந்து கிடந்து, மூச்சை மெல்ல மெல்லக் குறைத்து நடித்தான், பாவி. முடிந்ததும் எழும்பி, "பிளேன்ரீ இல்லையாடா?" என்று தேநீர் கேட்டான்.

தொகுப்பு வெளிவருமுன்னே டெங்குக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. குழுவில் டிரம்ஸ் அடிப்பவன் நான்; குச்சியைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபின் மண்டூரில் அவனுடைய வீட்டுக்குப் போனோம். அவன் குரலை வெளியே விட அம்மா சம்மதிக்க வேண்டும். மாட்டேன் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிடுவதென்று பேசி வைத்திருந்தோம்.

அம்மா முழுவதையும் கேட்டார். இரைச்சலுக்குக்கூட முகம் சுளிக்கவில்லை. கடைசி மூச்சு நின்றதும் என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா மனே?"

"ஓம் அம்மா. கதை அதோட முடியுது."

"என்ன முடிவுகா இது? வாழி பாடல்லியா? எங்கட ஊர்க் கூத்தில செத்துக் கிடந்த ராசாவும் எழும்பி வந்து, வாழி பாடித்தான் களரிய விட்டு இறங்குவான். நீங்க என்ட புள்ளய அங்கேயே சாகக் கிடத்திப்போட்டு வந்திருக்கிறீங்க."

இது கூத்தில்லை, விஞ்ஞானக் கதை என்று சொல்ல வாய் உன்னியது. நல்லகாலம், அடக்கிக்கொண்டேன்.

"வாழியப் பாடிச் சேருங்க. பிறகு ஆருக்கெண்டாலும் போட்டுக் காட்டுங்க."

"பாடுறவன் அவன்தானேம்மா," என்று கிற்றார்காரன் உடைந்து அழுதான்.

"அப்ப நான் பாடுறன். நீ தட்டு மனே."

கைப்பேசியில் பதிவை அழுத்திவிட்டு, நான் இருந்த கதிரைப் பலகையில் தாளம் தட்டினேன். நாடு வாழி, மழை வாழி, வட்டை வயல் வாழி, வாவி வாழி என்று கரகரத்த குரலில் அம்மா பாடிக்கொண்டு போனார். கூத்தில் ஆடினவர்களைக் கடைசியாக வாழ்த்த வேண்டும். அந்த இடத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. அம்மா நிற்கவில்லை. தாளமில்லாமலே, அவனுடைய படத்தைப் பார்த்துக்கொண்டு, "பாடின புள்ள வாழி" என்று பாடினார்.